லிங்ஹோய் மேயரின் வலக்கை

டென்மார்க்கில் குடியுரிமை எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மொழிப் பரீட்சை எழுத வேண்டும், நாட்டைப் பற்றிய பரீட்சை எழுத வேண்டும், உழைத்துச் சாப்பிடுகிறேன் என்று காட்ட வேண்டும். பிறகு பாராளுமன்றம் உங்கள் பெயரையும் சேர்த்து ஒரு சட்டம் நிறைவேற்ற வேண்டும். அத்தனையும் முடிந்தபின் இன்னொன்று பாக்கி இருக்கும். உங்கள் ஊர் நகரசபைக்குப் போய், கையுறையைக் கழற்றி, உள்ளங்கையோடு உள்ளங்கை தொட, சபையின் சார்பில் நிற்கிறவருக்குக் கை கொடுக்க வேண்டும். அநேகமாக அவர் மேயராக இருப்பார். கை கொடுக்காதவருக்குக் குடியுரிமை கிடையாது. வைரஸ் காலத்தில் ஊரே ஒருவரை ஒருவர் தொடாமல் இருந்தபோது, கை கொடுக்க முடியாததால் சனம் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தது. சட்டம் போட்டவர்கள் அதைப் பற்றிச் சிரிக்கவில்லை.

இக்காஸ்ட் நகரத்திலிருந்து காரில் அரைமணி நேரத் தூரத்தில் இருக்கிறது லிங்ஹோய். அதன் மேயர் ஸ்ரனிஸ்லாஸ் பியெலாக். பிறந்தது போலந்தில். மேயர் வேலையில் இந்தக் கை கொடுக்கும் சடங்கைப் போல் அவருக்குப் பிடித்தது வேறொன்றும் இல்லை. வரவு செலவுக் கூட்டங்களில் தூங்கி வழிகிற மனிதர், அன்றைக்கு மட்டும் வெள்ளெனவே எழுந்து சப்பாத்து மினுக்குவார். கழுத்தில் மேயர் சங்கிலியைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக் குலுக்குவார். அவர் பிரஜையான காலத்தில் இந்தச் சடங்கு இல்லை. கடிதம் தபாலில் வந்தது. அன்றைக்கு மழை. அவ்வளவுதான்.

2024ஆம் ஆண்டு வசந்தகாலச் சடங்குக்கு வர இருந்தவர்களின் பெயர்களைக் காரியதரிசி வாசித்துக்கொண்டு போனாள். ஒரு சிரியக் குடும்பம், ஒரு பிலிப்பைன்ஸ் தாதி, பிறகு புஷ்பராணி மாமாங்கம். மேயர் கோப்பியை மேசையில் வைத்தார். அன்றைக்குத் தனக்குக் கோப்பன்ஹேகனில் ஏதோ கூட்டம் இருக்கிற மாதிரி ஞாபகம், துணை மேயரே கை கொடுக்கட்டும் என்றார். காரியதரிசி நிமிர்ந்து பார்த்தாள். இந்தச் சடங்குக்காகத் தன் பல்லுப் பிடுங்குகிற நாளையே தள்ளிப்போட்ட மனிதர் அவர். பிறகு அடுத்த பெயருக்குப் போனாள். அவருக்குக் காது மடல் சுட்டது.

அந்தப் பெயர் ஏன் அவரைக் கோப்பன்ஹேகனுக்குத் துரத்தியது என்று சொல்வதானால் கதையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். நீட்டி முழக்காமல் சொல்லிப் பார்க்கலாம்.

போலந்தில் 1981 மார்கழியில் இராணுவச் சட்டம் வந்தபோது ஸ்ரனிஸ்லாஸுக்கு இருபது வயது. கட்டாயச் சேவையில் இருந்த சாதாரணச் சிப்பாய். துவக்கைவிட லொறி ஸ்டியரிங் அவர் கையில் இருந்த நேரம்தான் அதிகம். வேலைநிறுத்தம் செய்த நூல் ஆலைப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகச் சொன்னார்கள். அவருடைய கெட்ட காலம், அந்த ஆலை அவருடைய சொந்த ஊர்ப் பக்கம் இருந்தது. ஏறிய பெண்களில் ஒருத்தி ஹலீனா. அவர் வளர்ந்த மாடிக் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருந்தவள், சின்ன வயதில் அவருக்கு ஜாம் பூசிய பாண் தந்தவள். அவள் ஏறுவதற்கு முன் சாரதிப் பக்கம் வந்து ஒன்று கேட்டாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நிற்பாள், என்னைக் கொண்டுபோகிறார்கள் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிவிடு. ஸ்ரனிஸ்லாஸ் தலையாட்டினார்.

அவர் போய்ச் சொல்லவில்லை. பிடிபட்டவளின் வீட்டுக் கதவைத் தட்டினால் தன்னையும் சந்தேகப்படுவார்கள் என்ற பயம். பிள்ளை இருட்டும்வரை பனிக்குள் வாசற்படியில் நின்றிருக்கிறது. கடைசியில் ஸ்ரனிஸ்லாஸின் அம்மாதான் கண்டு உள்ளே கூட்டிப்போனாளாம். லீவில் வீட்டுக்குப் போனபோது அம்மா இதைச் சொன்னாள். அந்த லொறியை ஓட்டியது யார் என்று அவளுக்குத் தெரியாது. மகன் சூப்பைக் குடித்துக்கொண்டே கேட்டார், ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தையும் சொன்னார்.

சேவைக் காலத்தை ஒழுங்காக முடித்தார். இரண்டு வருடம் கழித்து, கோப்பன்ஹேகனுக்குச் சுற்றுலா போகும் கப்பலில் ஏறி இறங்கினார், திரும்பி ஏறவில்லை. அந்தக் காலத்தில் போலந்துக்காரர் பலர் செய்ததுதான் இது. இதில் வீரமும் இல்லை, தியாகமும் இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் லிங்ஹோய்ச் சனம் வேறு மாதிரித்தான் நம்பியது.

இக்காஸ்ட் பக்கம் அப்போது துணி ஆலைகள் நிறைய இருந்தன. ஒரு பின்னல் ஆலையில் அவருக்கு வேலை கிடைத்தது. சில வருடங்களில் மட்டக்களப்பிலிருந்து வந்த புஷ்பராணியும் அதே ஆலையில் பொதி கட்டும் பகுதிக்கு வந்து சேர்ந்தாள். இருவருக்கும் டேனிஷ் அரைகுறை. அரைகுறை ஆட்கள் ஒன்றாக இருந்து சாப்பிட்டால் யாரும் யாரையும் திருத்த வேண்டியதில்லை. அவர் கறுத்தப் பாணும் மீனும் சாப்பிடுவார், அவள் சோறும் கறியும் சாப்பிடுவாள். கொஞ்ச நாளில் அவரும் சோறு சாப்பிட ஆரம்பித்தார். ஸ்ரனிஸ்லாஸ் என்று மட்டக்களப்பில் ஒவ்வொரு கத்தோலிக்கக் கோயில் பற்றிலும் ஓர் ஆளாவது இருப்பார் என்று சொல்லி, அவள் அவரை ஸ்ரனி அண்ணன் ஆக்கிவிட்டாள். டேனிஷ் பேசும்போதும் அண்ணன்தான்.

ஒருநாள் அவள் தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். தொண்ணூறாம் ஆண்டு இராணுவ லொறி ஒன்றில் ஏற்றிப் போனார்கள், அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. சொல்லிவிட்டு, நீங்களும் ஆமியில் இருந்தீர்கள்தானே, என்ன செய்தீர்கள் என்று சும்மா கேட்டாள். ஸ்ரனிஸ்லாஸ் ஒரு பொய்யைச் சொல்லி இருக்கலாம். ஏனோ உண்மையைச் சொன்னார். லொறி, ஹலீனா, வாசற்படியில் நின்ற பிள்ளை எல்லாம். புஷ்பராணி சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிப் போனாள். அதற்குப் பிறகு வெகு நாள் வேறு மேசையில் இருந்து சாப்பிட்டாள். பிறகு ஒருநாள் தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்து, தன் அரைகுறை டேனிஷில் சொன்னாள்.

"எங்கட தம்பியை ஏத்தின லொறியையும் ஒருத்தன் ஓட்டித்தான் இருப்பான். அவன் இண்டைக்கு வரைக்கும் வாய் திறக்கல்ல. நீங்க உங்கட வாயாலேயே சொன்னீங்க. அதாலதான் உங்களோட கதைக்கிறன், அண்ணன்."

அவருடைய வாழ்க்கையில் யாரும் அவருக்குத் தந்த மரியாதைகளில் பெரியது இதுதான். பிறகு கிடைத்த சங்கிலியெல்லாம் இதற்குக் கிட்டவும் வராது. அதை அவர் என்ன செய்தார் என்பதுதான் மிச்சக் கதை.

ஆலை ஒருநாள் மூடப்பட்டது. கூலி குறைவு என்று தையல் வேலையெல்லாம் போலந்துக்குப் போனது. உன் நாட்டுக்காரர் எங்கள் சோற்றில் மண் போட்டார்கள் என்று கூட வேலை செய்தவர்கள் அவரைப் பகிடி பண்ணினார்கள். அவரும் மற்றவர்களோடுதான் வேலை இழந்தார். பிறகு நகரசபையின் மினிபஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. வயதானவர்களை வீட்டிலிருந்து பகல்நேர நிலையத்துக்கும் வைத்தியரிடமும் கூட்டிப்போவது. கிழவிகளின் பைகளைத் தூக்கிக்கொடுத்து, கிழவர்களின் பழைய கதைகளைப் பத்தாந்தரமும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டு, ஊருக்கெல்லாம் செல்லப்பிள்ளையாகிவிட்டார். புஷ்பராணி படித்து, லிங்ஹோய் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர் ஆனாள்.

ஸ்ரனிஸ்லாஸ் பிர்கிட் என்ற டேனிஷ்காரியைக் கலியாணம் செய்திருந்தார். பிள்ளைகள் இல்லை. பிர்கிட்டுக்கு மறதி நோய் வந்து, வரவர முற்றி, அந்த இல்லத்திலேயே சேர்க்க வேண்டியதாயிற்று. கடைசிக் காலத்தில் அவளுக்குக் கணவரைத் தெரியவில்லை. புஷ்பராணியைத் தெரிந்தது. புஷ்பராணி கரண்டியால் ஊட்டினால்தான் விழுங்குவாள். அவள் இறந்தபோது குளிப்பாட்டி, தலை சீவி, அவளுக்குப் பிடித்த நீலச் சட்டையைப் போட்டுவிட்டதும் புஷ்பராணிதான். ஸ்ரனிஸ்லாஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தச் சகோதரிகூட இப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று அவருக்கு அழுகை வந்தது.

அடுத்த வருடமே அந்த இல்லத்தை மூடிவிட்டு, பெரிய நகரத்தில் இருக்கும் இன்னொரு இல்லத்தோடு சேர்க்கப் போகிறோம் என்று நகரசபை பேச ஆரம்பித்தது. ஊர் கொதித்தது. மினிபஸ் ஓட்டுகிற ஸ்ரானை நிறுத்துவோம் என்றார்கள்; ஸ்ரனிஸ்லாஸ் ஊர் வாயில் ஸ்ரான் ஆகியிருந்தார். அவரும் ஊர்ச் சனத்தின் சிறு கட்சி ஒன்றில் தேர்தலுக்கு நின்றார். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெடியன் பேட்டி எடுக்க வந்தான். இராணுவச் சட்ட காலத்தில் சிப்பாயாக இருந்தீர்களாமே, ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள் என்று கேட்டான். "என் சொந்தச் சனத்துக்கு எதிராக நிற்க என்னால் முடியவில்லை" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். மறுநாள் பத்திரிகையில் அவருடைய படமும் அதற்கு மேல் பெரிய எழுத்தில் 'கட்டளைக்குப் பணிய மறுத்த சிப்பாய்' என்றும் வந்தது.

புஷ்பராணி அந்தப் பத்திரிகையை அவர் முன்னால் வைத்தாள். பேப்பர்காரன் கூட்டி எழுதிவிட்டான் போலிருக்கிறது என்றாள். தப்பிப்பதற்கு அவளே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தாள். ஓம், அவர்கள் அப்படித்தான் என்று சொல்லி அவர் அந்தக் கதவால் நழுவினார். திருத்தி எழுதச் சொல்லி ஒரு தொலைபேசி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தத் தலைப்பு அவருக்கு உச்சி குளிரவும் வைத்தது. சபைக்குத் தெரிவானார். இல்லம் அந்தமுறை தப்பியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மேடையிலும் அவரைக் கட்டளைக்குப் பணியாத சிப்பாய் என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். சனம் அதை அடக்கம் என்று நினைத்தது.

2021இல் தேர்தல் வந்தபோது லிங்ஹோய்த் தமிழர் எல்லாரும் அவருக்காக இறங்கினார்கள். டென்மார்க்கில் பிரஜை இல்லாவிட்டாலும், சில வருடம் வசித்தவர்கள் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். புஷ்பராணி வீடு வீடாகப் போனாள். கட்சிக்குப் புள்ளடி போடாதீர்கள், பெயருக்கு நேரே போடுங்கள், ஸ்ரனி அண்ணன் மேயரானால் இல்லத்தில் ஒருவரும் கை வைக்க முடியாது என்றாள். நம் ஊர்களில் பிரதேசசபைத் தவிசாளர் நினைத்தால் ஒரு பாலமே இடம் மாறும் அல்லவா, அதே கணக்கில் எல்லாரும் நம்பினார்கள். டென்மார்க் மேயருக்குச் சபையில் ஒரு வாக்குத்தான், மற்றவர்களைச் சேர்த்தால்தான் எதுவும் நடக்கும் என்று சொல்லியிருக்க வேண்டியவர் ஸ்ரனிஸ்லாஸ். இல்லம் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

தனிப்பட்ட வாக்கில் அவர்தான் முதலாவது. ஆனால் சபையில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. இந்த நாட்டில் இப்படியானால் கட்சிகள் ஓர் அறைக்குள் போய் யார் மேயர் என்று பேரம் பேசும். தேர்தலுக்கு மறுநாள் மத்தியானம் நகரசபைக் கட்டடத்தின் மேல்மாடியில் அந்தப் பேச்சு நடந்தது. பெரிய கட்சியின் தலைவர் யென்ஸ் ஓவ என்பவர் சுற்றி வளைக்கவில்லை. மேயர் நீங்கள், சனம் உங்களைத்தான் கேட்கிறது என்றார். எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான், இந்தத் தவணை முடிவதற்குள் இரண்டு இல்லங்களும் ஒன்றாக வேண்டும். ஸ்ரனிஸ்லாஸ் கோப்பி கேட்டார். கோப்பி ஆறுவதற்கு முன்பே ஒப்புக்கொண்டார். வெளியே சொல்லும்போது முதியோர் இல்ல அமைப்பை ஆராய்வோம் என்று பூசி மெழுகலாம் என்பது ஏற்பாடு.

கீழே முன்மண்டபத்தில் புஷ்பராணி ரோல்ஸ் தட்டோடு காத்திருந்தாள். பக்கத்தில், அவளோடு சேர்ந்து வாக்குக் கேட்டுத் திரிந்த பாலேந்திராவும் வேறு சில தமிழரும் கொடிகளோடு நின்றார்கள். ஸ்ரனிஸ்லாஸ் படியிறங்கி வந்ததும் அவர்கள் கைதட்டினார்கள். சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. உண்மை வேறு. அவர் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார், நல்ல உறைப்பு என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் அதை மென்று விழுங்கிக்கொண்டு திரிந்தார். நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் புஷ்பராணி வீட்டுக்குப் போனார். இன்றைக்குச் சொல்லுவோம் என்று நினைத்துக்கொண்டு போவார். தேத்தண்ணி வரும், அவளுடைய மகன் சுஜிந்தன் டேனிஷில் அரசியல் கதைப்பான், அவள் மொழிப் பரீட்சையில் திரும்பவும் தோற்றதைச் சொல்லிச் சிரிப்பாள். அடுத்தமுறை சொல்லுவோம் என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். இது பயம்தான். போலந்துக் குளிரில் வந்த அதே பயம், இப்போது நல்ல கோட்டு போட்டிருந்தது.

2023 இலையுதிர் காலத்தில் வாக்கெடுப்பு வந்தது. கை தூக்க வேண்டும். ஸ்ரனிஸ்லாஸ் இல்லத்தை மூடுவதற்குக் கை தூக்கினார். மறுநாள் இல்லத்தில் காலைச் சாப்பாட்டு நேரம், அங்கே இருந்த முன்னாள் ஆசிரியை ஒருத்தி பத்திரிகையை உரக்க வாசித்தாள். புஷ்பராணி அவளுக்குப் பாணில் வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். பேப்பர்காரன் பிழையாக எழுதியிருக்கிறான் என்றாள். அன்று முழுவதும் யார் என்ன சொன்னாலும் அதையே சொன்னாள். அவரை எனக்குத் தெரியும், அப்படி ஏதும் என்றால் முதலில் என்னிடம்தான் வந்து சொல்லியிருப்பார் என்று, கூட வேலை செய்த பெண்களோடு வாக்குவாதப்பட்டாள். அழுதுகொண்டிருந்த கிழவர்களைத் தேற்றினாள். பின்னேரம் சுஜிந்தன் நகரசபைக் கூட்டத்தின் ஒளிப்பதிவைப் போனில் போட்டுக் காட்டினான். அதில் மேயரின் வலக்கை மேலே இருந்தது.

இதை ஸ்ரனிஸ்லாஸுக்குச் சொன்னவர் பாலேந்திரா. கோபித்துக்கொண்டு சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அவள் நாள் முழுக்கத் தனக்காக வாதாடினாள் என்று கேட்டபோது ஸ்ரனிஸ்லாஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த ஒருநாள் நம்பிக்கைதான் அவரைக் குறுக வைத்தது.

இடம் மாற்றிய அன்று கிழவர்களை அவர் முன்பு ஓட்டிய மினிபஸ்ஸில்தான் ஏற்றினார்கள். ஸ்ரான்தானே ஓட்டுகிறான் என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்களாம். அவர் அலுவலகத்தில் யன்னல் திரையை இழுத்துவிட்டு இருந்தார். புஷ்பராணிக்குப் பெரிய நகரத்து இல்லத்தில் வேலை கொடுத்தார்கள். விடிய முன் பஸ் பிடித்துப் போகிறாள் என்று கேள்வி. ஒருமுறை சுப்பர்மார்க்கெட்டில் அவள் வருவதைக் கண்டு, லிங்ஹோயின் மேயர் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து நின்றார். பார்த்த ஒரு பெட்டை ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டாள். ஓம் என்றார்.

இப்போது தெரியும், அவருக்கு ஏன் கோப்பன்ஹேகனில் கூட்டம் வந்தது என்று. முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தவள், பரீட்சைக்கு மேல் பரீட்சை எழுதி ஒருவழியாகத் தேறியவள், இந்த நாட்டின் பிரஜையாவதற்கு இந்தக் கையைத்தான் பிடிக்க வேண்டும். அந்தக் கொடுமையையாவது அவளுக்குச் செய்யாமல் இருப்போம் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். பொய். தன்னைக் காப்பாற்றத்தான் ஓடப் பார்த்தார்.

ஒரு கிழமை கழித்துக் காரியதரிசி வந்து, புஷ்பராணி மாமாங்கம் தொலைபேசியில் அழைத்ததாகச் சொன்னாள். துணை மேயர்தான் அன்றைக்கு வருவார் என்று கேள்விப்பட்டாளாம். அப்படியானால் தான் வரவில்லை, அடுத்த சடங்குவரை காத்திருப்பேன், மேயர் வருகிற நாளைச் சொல்லுங்கள் என்றாளாம். காரியதரிசி மேயரின் முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தாள். கூட்டத்தை வேறு நாளுக்கு மாற்றலாம் என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

மனிதரின் ஆசையைப் பாருங்கள். மன்னித்துவிட்டாள் என்று அவர் நினைத்தார். இல்லாவிட்டால் ஏன் என்னைத்தான் வேண்டும் என்று கேட்கிறாள். அன்றிரவு மாதக்கணக்கில் வராத நித்திரை வந்தது. சடங்கில் எல்லார் முன்னிலும் உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்தார். பேரத்தைச் சொல்வது, பத்திரிகைத் தலைப்பு பொய் என்பதைச் சொல்வது, ஹலீனாவைச் சொல்வது. காரில் போகும்போதெல்லாம் அந்த வசனங்களை உரக்கச் சொல்லிப் பழகினார்.

சடங்கு ஒரு வெள்ளிக்கிழமை. மேசைகளில் சின்னச் சின்னச் சிவப்பு வெள்ளைக் கொடிகள், கேக், கோப்பி. புஷ்பராணி மயில் நீலச் சேலையில் முன்வரிசையில் இருந்தாள். பக்கத்தில் சுஜிந்தன் கோட்டும் டையும் போட்டு, போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு இருந்தான். துணை மேயர் எழுந்து மேயரை அறிமுகப்படுத்தினார். நம் மேயர் வேறொரு நாட்டிலிருந்து வந்தவர், இளம் சிப்பாயாக இருந்தபோது அநியாயமான கட்டளைக்குப் பணிய மறுத்தவர், இந்த ஊருக்கு அவரே நல்ல உதாரணம் என்றார். மண்டபம் கைதட்டியது. புஷ்பராணி கைதட்டவில்லை. மடியில் கைகளை வைத்தபடி அவரையே பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. அவர் வாயால் ஒன்றைக் கேட்க வந்து காத்திருப்பதுபோல் இருந்தது.

ஸ்ரனிஸ்லாஸ் மேடைக்குப் போனார். வாய் திறந்தார். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. சிரியக் குடும்பத்தின் சின்னப் பெண் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தாள். இந்த நாளில் இவர்களுக்கு ஏன் என் அழுக்கைச் சொல்ல வேண்டும் என்று ஒரு நியாயம் வந்தது. அவருக்கு நியாயங்கள் எப்போதும் நேரத்துக்கு வரும். நன்றி என்றார். பிறகு வழக்கமாகப் பேசுகிற பேச்சைப் பேசினார். சுதந்திரம், பொறுப்பு, சைக்கிள், மழை. சனம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது.

ஒவ்வொருவராக வந்து கையொப்பமிட்டுக் கை கொடுத்தார்கள். புஷ்பராணியின் முறை வந்தது. அவள் நேராக வந்து வலக்கையை நீட்டினாள். அவர் பழக்கத்தில் இடக்கையையும் கொண்டுவந்து பொத்தப் போனார். அதற்குள் அவள் கை பின்வாங்கிவிட்டது. தொட்டது தொட்டதுதான், சட்டத்துக்கு அது போதும். "நன்றி, மேயர்" என்றாள், சுத்தமான டேனிஷில். அவர் குனிந்து, மன்னித்துக்கொள் என்று மெல்லச் சொன்னார். அவளுக்குக் கேட்டது. தலையாட்டிவிட்டு, பத்திரத்தை வாங்கிக்கொண்டு போய் இருந்தாள்.

இது முடிந்ததும் படம் எடுக்கும் நேரம். புதுப் பிரஜைகள் ஒவ்வொரு குடும்பமாகக் கொடிக்குப் பக்கத்தில் மேயரோடு நின்று படம் எடுப்பது வழக்கம். அநேகமான தமிழ் வீடுகளில் அந்தப் படம் வரவேற்பறையில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். சுஜிந்தன், அம்மா வாங்கோ, என்று டேனிஷில் கூப்பிட்டான். அவள் அசையவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் தானே அவளிடம் நடந்து போனார். கேக் தட்டோடு நின்ற சிலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீ என்னைத்தான் வரச்சொன்னாய், என்றார் அவர். அதில் ஒரு கெஞ்சல் இருந்தது, அவருக்கே அது கேட்டது.

புஷ்பராணி அவருக்கு விளங்க வேண்டும் என்று டேனிஷில்தான் பதில் சொன்னாள். நிதானமாக, பரீட்சையில் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவள் தன் மொழியில் சொல்லியிருந்தால் இப்படி இருந்திருக்கும்:

"ஓம், உங்களைத்தான் கேட்டன். எனக்கு முன்னால வந்து நிண்டா உங்கட வாயால சொல்லுவீங்க எண்டு நினைச்சன். மைக் உங்கட கையிலதான் இருந்திச்சு. கை குடுத்தது சட்டம், அதைக் குடுத்திட்டன். படம் எடுக்கிறது என்ர விருப்பம்."

அவள் மகனின் கையிலிருந்த போனை மெல்ல வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்தாள். சுஜிந்தன் மேயரைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொன்னான். இருவரும் கோட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். சிரியக் குடும்பம் படத்துக்கு வந்து நின்றது, சின்னப் பெண் மேயரின் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள். படம் எடுப்பவர் கொஞ்சம் சிரியுங்கள் மேயர் என்றார். அவர் சிரித்தார்.